சொந்தமாக எழுதிய ஒரு தாள்

எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர்கள் போன மாதம் என்னை அழைத்திருந்தார்கள். புதிதாகத் தேர்வு மென்பொருள் ஒன்று வாங்கப் போகிறார்களாம். விற்பவர் வந்து செய்து காட்டுகிறார், சார் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வேலை நிறைய உண்டு. காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. வீட்டைச் சுற்றி நிற்கும் பதினான்கு தென்னைகளில் ஆறில் வண்டு விழுந்திருக்கிறது. இருந்தாலும் போனேன்.

விற்பவர் திரையில் முதல் பக்கத்தைத் திறந்தார். வலது மூலையில் சக்கர நாற்காலிப் படம் ஒன்று சிறிதாக இருந்தது. "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதி எல்லாம் இதுக்குள்ள இருக்கு சார்" என்றார். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகிறது. இன்னொரு முறை அழுத்தினால் பின்புலம் கறுப்பாகிறது. அவ்வளவுதான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தில் இருந்த படங்களை எண்ணினேன். இருபத்திரண்டு. அவற்றில் என்ன படம் என்று விளக்கம் எழுதப்பட்டவை மூன்று. பார்வையில்லாத ஒரு மாணவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குள் வந்தால், மற்றப் பத்தொன்பது இடங்களிலும் அது "படம்" என்று மட்டும் சொல்லும். இதைச் சொன்னேன். அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார். அடுத்த பதிப்பு என்ற சொல்லை என் பணிக்காலத்தில் கேட்ட அளவுக்கு நான் வேறு எந்தச் சொல்லையும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் மையத்தை இப்போது கவனிக்கும் பெண் கேட்டாள். "சார், முத முதல்ல நீங்க இதையெல்லாம் எப்பிடி செய்தியண்ணு எழுதித் தாங்க. வாங்குததுக்கு முன்ன நாங்க எல்லாரும் வாசிக்கணும். ரெண்டு பக்கம் போதும்."

இரண்டு பக்கத்தில் அடங்காது. அடங்குகிற விஷயமாக இருந்தால் விற்பவரே சொல்லியிருப்பார்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கருங்கல் பக்கம். அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். கணிதம் படித்தேன், பிறகு திருவனந்தபுரத்தில் தங்கிக் கணினி படித்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணினி அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. எட்டு இயந்திரங்கள், எட்டுக்கும் துணி உறை. மாலையில் உறையைப் போட்டு, காலையில் எடுத்து, மடித்து வைப்பதுதான் முதல் ஆண்டில் எனக்கு முக்கிய வேலை. பிறகு நிரல் எழுதினேன், கட்டணம், வருகைப்பதிவு, தேர்வு என்று ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறியது. மாறிய ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு மாணவர் வாசலுக்கு வெளியே நின்றுபோனார். அதை நாங்கள் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் வைகுண்டமணி சார்.

அவர் எங்களுக்கு இயக்குநராக வந்தார். அஞ்சுகிராமத்துக்காரர். நெற்றியில் ஒற்றை நாமம் நேராக இருக்கும். தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை அய்யா வழிக்காரர்கள் வழிபடும் பதிக்குப் போகும்போது அதையே தலைப்பாகையாகக் கட்டிக்கொள்வார். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் பாராட்டவும் மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மென்பொருளையும், எந்தக் கருவியையும், தான் உட்கார்ந்து செய்து பார்க்காமல் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட மாட்டார். நாங்கள் தாளை நீட்டுவோம். அவர் பேனா மூடியைக் கழற்றாமல் மேசையில் வைத்து, "செரி, செய்து காட்டும்" என்பார். செய்து காட்டி முடித்தால் எழுந்து நம் நாற்காலிக்கு வந்து, "இப்பம் நான் செய்யுதேன், நீரு வாயத் திறக்காம நில்லும்" என்பார். அவர் தடுமாறுகிற இடத்தில் நாம் உதவி சொல்லக் கூடாது. தடுமாறினால் தாள் திரும்பி வரும். நான் அவரிடம் கொடுத்த முதல் ஒன்பது தாள்களில் ஏழு திரும்பி வந்தன. இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

வருகைப்பதிவுக்கு விரல் வைக்கும் கருவி வந்தபோது அதை நான்கரை அடி உயரத்தில் சுவரில் மாட்டினோம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவனுக்குக் கை எட்டவில்லை. தினமும் யாராவது அவனைத் தூக்கிப் பிடித்தார்கள். வைகுண்டமணி சார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்தார். பதினோரு கருவிகளையும் கழற்றி மூன்றடி உயரத்துக்கு இறக்கினோம். குனிய வேண்டியிருக்கிறது, முதுகு வலிக்கிறது என்று பேராசிரியர்கள் வந்து சொன்னார்கள்.

"குனியத் தெரிஞ்சவன் குனியட்டும்" என்றார் சார்.

சகாய ஷைனியை நான் முதலில் பார்த்தது கட்டணம் கட்டும் நாளில். இனயத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. எம்.ஏ. தமிழ் படிக்க வந்து விடுதியில் தங்கியிருந்தாள். திரைவாசிப்பான் போட்ட மடிக்கணினி சொந்தமாக வைத்திருந்தாள். ஆனால் கட்டணத்தை மட்டும் கருங்கலில் ஒரு கணினிக் கடையில் போய்க் கட்டிவிட்டு வந்தாள். ரசீதில் பெயர் தப்பாக விழுந்திருந்தது, அதைத் திருத்த வந்தாள்.

"கம்ப்யூட்டர் கையில இருக்கு. பெறவு எதுக்கு பஸ் பிடிச்சு கருங்கலுக்குப் போணும் மக்கா?" என்று வைகுண்டமணி சார் கேட்டார்.

"உங்க தளத்துல என்னால கெட்ட முடியல்ல சார். பட்டன், பட்டன், பட்டன்ணு மட்டும் சொல்லுது. என்ன பட்டன்ணு சொல்ல மாட்டேங்கு. கடையில உள்ள அண்ணனுக்குப் பாஸ்வேர்ட சொல்லிக் குடுத்துருவேன். அவரு கெட்டித் தருவாரு."

"பாஸ்வேர்ட கடைக்காரனுக்கு குடுப்பியா?"

"உங்க பட்டனுக்குப் பேரு இருந்தா நான் எதுக்கு சார் குடுக்கப் போறேன்?"

அந்தத் தளத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். "அழகாத்தான் இருக்கு, எல்லாரும் கெட்டுதாங்களே" என்றேன். சார் எழுந்தார். என் மேசைக்கு வந்தார். சுட்டியின் வயரைப் பிடுங்கி இழுப்பறைக்குள் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மானிட்டரின் மேல் போட்டார். திரை முழுவதும் மறைந்தது. ஷைனியின் மடிக்கணினியில் இருந்த அதே திரைவாசிப்பானை என் இயந்திரத்தில் ஏற்றச் சொன்னார். ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

"வேய் ஞானதாஸ், இப்பம் ஒரு ரூவா கெட்டும் பாப்போம்."

விசைப்பலகையில் டேப் விசையை அழுத்தினால் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றாகத் தாவும். அழுத்தினேன். முகப்புப் படம், சின்னம், செய்தி ஓடும் பட்டை, துணைவேந்தர் படம் என்று எல்லாவற்றையும் தாண்டிப் பயனர் பெயர் போடும் இடத்துக்கு வர அறுபத்து நான்கு அழுத்தல்கள். உள்ளே நுழைந்தால் மறுபடி முதலிலிருந்து. கட்டணம் செலுத்தும் பொத்தான் ஒரு படம், அதற்குப் பெயர் இல்லை. நான்கு பொத்தான்கள் வரிசையாக வந்தன, நான்குக்கும் "பட்டன்" என்றே குரல் சொன்னது. மூன்றாவதாக இருக்கும் என்று அழுத்தினேன். தளத்திலிருந்து வெளியேறிவிட்டேன். எழுதினவனே நான்தான், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் வெளியேறினேன்.

ஷைனி பக்கத்தில் நின்று சிரித்தாள். "கருங்கலுக்கு பஸ் பிடிக்குதது எளுப்பம் சார்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. புதிய பக்கம் எதுவானாலும் சுட்டியைப் பிடுங்கிவிட்டு, துண்டைப் போட்டு, எழுதியவரே செய்து முடித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் சார் பேனா மூடியைக் கழற்றுவார். கட்டணப் பக்கத்தை ஒன்பது அழுத்தல்களில் முடியும்படி மாற்றினோம். மற்ற மாணவர்களுக்கும் அது வசதியாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. கைபேசியில் கட்டுகிறவர்கள் எல்லாரும் பழைய பக்கத்தில் திணறிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் வந்து சொல்லவில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அடுத்த பருவத்தில் தேர்வுகளில் ஒன்றைக் கணினியில் நடத்த முடிவானது. எழுபத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.ஏ. தமிழில் இறுதிப் பருவத்துக்கும் அந்தத் தாள் உண்டு. பார்வையில்லாதவர்கள் எழுத்தர் ஒருவரை வைத்துக்கொண்டு எழுதலாம் என்பது வழக்கம். மாணவர் விடையைச் சொல்வார், எழுத்தர் குறிப்பார். ஷைனி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போய், தனக்கு எழுத்தர் வேண்டாம், தானே கணினியில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதற்கு வழியில்லை என்றால் எழுதவே போவதில்லை என்றும் சொன்னாள். அந்தத் தாள் போனால் அந்த ஆண்டு ஆசிரியர் பயிற்சியில் சேர முடியாது. இடம் உறுதியாகி இருந்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தனியாக அழைத்துக் கேட்டேன். "போன பருவத்துல பேப்பர்ல எழுதினதுல நல்ல மார்க்குத்தான வாங்கியிருக்க. எழுபத்தஞ்சுக்கு அறுபத்தொண்ணு. எழுத்தர் சரியில்லையா?"

"நல்ல பிள்ள சார். அதுதான் வெனை."

"என்ன செய்தா?"

"நான் 'இ'ண்ணு சொன்னா, அது தப்புண்ணு அவளுக்குத் தெரிஞ்சா, சரியானதப் பாத்துப் போட்டுருக்கா. எல்லாம் முடிஞ்ச பெறவு என்கிட்ட வந்து சந்தோசமா சொல்லுதா, 'அக்கா, நீங்க தப்பா சொன்னத எல்லாம் நான் சரியாக்கிட்டேன்'ண்ணு. எத்தனண்ணு கேட்டேன். எண்ணல்லண்ணு சொல்லிட்டா." என் பக்கம் திரும்பினாள். "அந்த அறுபத்தொண்ணுல எனக்க மார்க்கு எவ்வளவு சார்? நான் நாளைக்கு ஒரு கிளாசுல நிண்ணு பாடம் நடத்தணும். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுண்ணு எனக்கே தெரியாம நிண்ணா எப்பிடி?"

இதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் உதவி செய்த பெண்ணுக்குத் தண்டனை வரும். நானும் அப்போது சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணல்ல என்ற ஒரு சொல்லை என்னால் தாங்க முடியாது.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ரோஸ்பாய் மேடம். கேள்வி அறையின் சாவி அவரது கைப்பைக்குள் இருக்கும், கைப்பை மடியில் இருக்கும். கூட்டத்துக்கு வந்தாலும், ஆலயத்துக்குப் போனாலும் மடியில்தான். நானும் வைகுண்டமணி சாரும் போய் விஷயத்தைச் சொன்னோம். திரைவாசிப்பான் கேள்வியை வாசிக்கும், அவள் ஹெட்போனில் கேட்டுப் பதிலைத் தேர்வாள் என்றேன்.

"ஹெட்போனா?" என்றார் மேடம். "காதுல வயரு மாட்டிட்டு வந்தவனுகள நான் எத்தன பேரப் பிடிச்சிருக்கேன் தெரியுமா ஞானதாஸ்? இப்பம் நானே மாட்டி விடணுமா?"

"நீங்களும் ஒண்ணு மாட்டிக்கிடுங்க மேடம்" என்றார் சார். "ஒரே இடத்துல ரெண்டு ஹெட்போன் சொருகுத சாமானம் இருக்கு. அவ காதுல கேக்கது எல்லாம் உங்க காதுலயும் கேக்கும்."

மேடம் யோசித்தார். "நான் உட்காந்து கேப்பேன். வேற ஆள விட மாட்டேன்" என்றார். அது சம்மதம் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாதிரித் தேர்வுக்கு ஷைனியை உட்கார வைத்தோம். தேர்வு மென்பொருள் திறந்ததும் திரைவாசிப்பானைக் கண்டு, வேறு ஏதோ நிரல் ஓடுகிறது, முறைகேடு என்று சொல்லி மூடிக்கொண்டது. சென்னையில் இருந்த நிறுவனத்தை அழைத்தோம். அப்படித்தான் அமைத்திருக்கிறோம், மாற்ற முடியாது என்றார்கள். பதினேழு முறை பேசினேன். பதினெட்டாவது முறை வைகுண்டமணி சார் தொலைபேசியை வாங்கினார்.

"தம்பி, நான் இன்னும் பெற்றுக்கொண்டேண்ணு கையெழுத்துப் போடல்ல. இந்த ஒரு பிள்ளைக்கு இதுல எழுத முடியாதுண்ணா இங்க ஒருத்தருக்கும் இதுல தேர்வு நடக்காது. பேப்பர்ல நடக்கும். யோசிச்சுச் சொல்லுங்க." அவ்வளவுதான் பேசினார். இரண்டு நாளில் ஒரே ஒரு இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

உள்ளே போனால் அடுத்த தொல்லை. மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது தொந்தரவு இல்லை. திரைவாசிப்பான் அதை ஒவ்வொரு நொடியும் வாசித்தது. கேள்வியின் முதல் சொல்லைச் சொல்வதற்குள் "ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பது நொடி" என்று குறுக்கே வந்தது. சொல்லி முடிப்பதற்குள் முப்பத்தொன்பது நொடி.

"சார், இந்தக் கடியாரத்துக்கு ஆராவது வாய மூடச் சொல்லுங்க" என்றாள் ஷைனி. ஒரு விசையை அழுத்தினால் மட்டும் நேரத்தைச் சொல்லும்படி அதை மாற்ற வைத்தோம். விடைகள் நான்கும் பெயரில்லாமல் இருந்தன, அவற்றையும் மாற்ற வைத்தோம். இவை எல்லாம் சரியான பிறகு கேள்வி வந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"இது தமிழா சார்?"

நான் வாங்கிக் கேட்டேன். "எல், கே, எஃப், கமா, ஜி, செமிகோலன்" என்று ஓடியது. திரையில் பார்த்தால் அழகான தமிழ்.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் தமிழ்த்துறை கேள்விகளைப் பல ஆண்டுகளாகப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வந்தது. அந்த எழுத்துருவில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மேலே போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. கேள்வி வங்கியில் அறுநூறு கேள்விகள், அறுநூறும் அப்படி. துறையில் மூத்தவர் பேராசிரியர் செல்லப்பன். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணுக்கு நல்லாத்தான தெரியுது? முப்பது வருசமா இதுலதான் அடிக்கோம். இப்பம் என்ன குத்தம்?" என்றார்.

எழுத்தை மாற்றிக்கொடுக்கும் நிரல் உண்டு. ஆனால் அது நூற்றுக்கு நூறு சரியாக மாற்றாது. கொம்பும் காலும் இடம் மாறும், சில எழுத்து விழுந்துவிடும். யாராவது வாசித்துச் சரிபார்க்க வேண்டும். கேள்வி வங்கி ரகசியம். நான் பார்க்கக் கூடாது, சார் பார்க்கக் கூடாது. ஷைனி கிட்டவே வரக் கூடாது. பார்க்கத் தகுதி உள்ளவர்கள் அதை எழுதியவர்கள் மட்டும். ரோஸ்பாய் மேடத்தின் அறையில் ஒரு கணினியை வைத்தோம். நிரலை ஓட்டினோம். செல்லப்பன் சாரும் இன்னொரு பேராசிரியையும் வந்து உட்கார்ந்தார்கள். வைகுண்டமணி சார் துண்டை எடுத்து மானிட்டரின் மேல் போட்டார்.

"பாக்காண்டாம். கேளுங்க. காதுக்கு எது பிசகுதோ அத மட்டும் துண்ட விலக்கித் திருத்துங்க."

"கண்ணு இருக்கப்ப எதுக்கு வேய் இந்தக் கூத்து?" என்றார் செல்லப்பன் சார்.

"கண்ணு தப்ப மன்னிச்சுரும் சார். காது மன்னிக்காது."

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். உள்ளேயிருந்து செல்லப்பன் சாரின் குரல் மட்டும் கேட்டது. "இந்த மெசினுப் பொம்பள செய்யுள எப்பிடி வாசிக்கா பாருங்க. பஸ் ஸ்டாண்டுல ஊரு பேரு விளிக்க மாதிரி." அறுநூறும் கேட்டு முடித்தார்கள். பிழை என்று திருத்தியவை நூற்றுப் பதினான்கு. செல்லப்பன் சார் முடித்துவிட்டு வந்து காதைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார், "அந்தப் பிள்ள தெனமும் இதத்தான் கேக்குதா?"

தேர்வு நாள் வந்தது. ஷைனிக்குச் சின்ன ஆய்வகம். மற்ற அறுபத்திரண்டு பேரும் பக்கத்துப் பெரிய ஆய்வகத்தில். கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான், வரிசை மட்டும் மாறும். ரோஸ்பாய் மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது ஹெட்போனை மாட்டினார். இயந்திரம் நின்றுபோனால் பார்க்க நான் வாசலில் நின்றேன்.

தொடங்கியதும் மேடத்தின் முகம் மாறியது. பார்வையில்லாதவர்கள் திரைவாசிப்பானை நாம் பேசும் வேகத்தில் வைக்க மாட்டார்கள். பல மடங்கு வேகம். பழகாத காதுக்கு அது மொழியே அல்ல.

"ஏட்டி, இது என்னத்தப் பேசுது? தகரத்துல மழ பெய்ய மாதிரி இருக்கு."

ஷைனி நிறுத்தினாள். "இதுதான் எனக்க வேகம் மேடம். வேணும்ணா வேகத்தக் கொறச்சுப் பைய வைக்கேன். ஆனா போறது எனக்க நேரம்."

நான் வாசலில் நின்று யோசித்தேன். அவருக்குப் புரியவில்லை என்றால் கண்காணிப்பு இல்லை. கண்காணிப்பு இல்லை என்றால் தேர்வு செல்லாது. அவர் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம், விதி அவர் பக்கம் இருந்தது.

மேடம் ஹெட்போனைக் கழற்றவில்லை. "நீ எனக்கு வேண்டிக் கொறைக்காண்டாம்" என்றார். "வார்த்த எனக்குப் புரியாண்டாம். மனுசக் கொரலு வந்தா எனக்குத் தெரியும். எழுது." தேர்வு முடியும்வரை அந்தத் தகர மழையைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்தாலும் அந்த அம்மாளிடம் பேச முடியாது என்று பல்கலைக்கழகத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பாதிக்கு மேல் ஆனபோது ஷைனி கையைத் தூக்கினாள். "மேடம், இந்தக் கேள்வி பழைய எழுத்து."

நான் உள்ளே போகக் கூடாது. மேடம் திரையைப் பார்த்தார். தமிழ் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் காதிலும் அது விழுந்திருந்தது. மழைக்கு நடுவே ஏதோ மாறியதை அவரும் கவனித்திருந்தார்.

"நான் வாசிக்கட்டா? விதியில எடம் உண்டு."

"வேண்டாம் மேடம்."

"ஒரு கேள்விதான மக்கா. ஒரு மார்க்கு போகும்."

"போட்டும் மேடம். ஒரு கேள்விக்கு ஆளு வச்சா பெறவு எழுபத்தஞ்சுக்கும் வச்சதாத்தான் எனக்குத் தோணும். நான் விட்டுட்டுப் போறேன்." விசையை அழுத்தி அடுத்த கேள்விக்குப் போனாள்.

பிறகு விசாரித்தோம். கேட்டுத் திருத்தி முடித்த பின்னர், நல்ல கேள்வி ஒன்று நினைவுக்கு வந்தது என்று செல்லப்பன் சார் வீட்டுக் கணினியில், தனக்குப் பழகிய பழைய எழுத்துருவில் அடித்து, மேடத்திடம் ஒப்புதல் வாங்கிக் கடைசியில் சேர்த்திருக்கிறார். கண்ணால் பார்த்து மேடம் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். அறுநூற்று ஒன்றாவது கேள்வி. கணினி எழுபத்தைந்தைத் தேர்ந்தெடுத்தபோது அதையும் எடுத்துவிட்டது. அன்று என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் மேடம் எங்களை அழைத்தார். செல்லப்பன் சாரும் இருந்தார். மேடம் அந்தக் கேள்வியை எல்லாருக்கும் நீக்கிவிட்டதாகச் சொன்னார். இனி எழுபத்து நான்குக்குத்தான் மதிப்பெண்.

"மத்த பிள்ளைய என்ன பாவம் செய்துச்சு மேடம்? நாப்பது பேரு சரியா எழுதியிருக்கு" என்றார் செல்லப்பன் சார்.

"ஒரு பிள்ளைக்கு வாசிக்க முடியாத கேள்வி கேள்வித்தாள்ல இல்லாத கேள்வி" என்றார் மேடம். "கண்ணால பாத்து ஒப்புதல் குடுத்தது நான். என்னைய எதிர்த்து எழுதிக் குடுங்க. நானே வாங்கி மேல அனுப்புதேன்."

ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாணவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அதுவும் அடங்கியது.

முடிவு வந்த அன்று ஷைனியின் மதிப்பெண்ணை நான்தான் முதலில் பார்த்தேன். எழுபத்து நான்குக்கு நாற்பத்தெட்டு. போன பருவத்தில் எண்பத்தொரு சதவீதம், இப்போது அறுபத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. சென்னைக்குப் பேசியது, கடிகாரம், பேராசிரியர்களைக் காதைத் தீட்ட வைத்தது, எல்லாம் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கா என்று வைகுண்டமணி சாரிடம் கேட்டேன். "அவகிட்ட கேளும்" என்றார்.

ஷைனி மாலையில் வந்தாள். எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவள் ஏற்கெனவே தளத்தில் பார்த்துவிட்டிருந்தாள், ஒன்பது அழுத்தல்களில்.

"நாப்பத்தெட்டு" என்றேன்.

"ஆமா சார். நாப்பத்தெட்டும் எனக்கது. தப்பு இருவத்தாறும் எனக்க தப்பு." அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. "எதுல தப்புண்ணு பாத்தேன். இருவத்தாறுல பதினெட்டு எலக்கணம். எலக்கணம் எனக்கு நல்லா வரும்ணுல்லா இத்தன நாளும் நெனச்சிட்டு இருந்தேன்."

"பயிற்சியில சேர இது போதுமா?"

"அதுக்கு இது போதும். கிளாசுல நிக்கதுக்குப் போதாது." கைத்தடியை மடக்கிவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். எழுந்து போவதற்கு வந்தவள் போல் தெரியவில்லை. "சார், நூலகத்துல உள்ள எலக்கணப் பாடப் புத்தகம் எனக்கு வேணும். தளத்துல போட்டுருக்காங்க. ஆனா ஒரு எழுத்து வாசிக்க மாட்டேங்கு."

திறந்து பார்த்தேன். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். எழுத்து ஒன்றுகூட எழுத்தாக இல்லை. யாராவது முதலிலிருந்து தட்டச்சு செய்து, காதால் கேட்டுத் திருத்த வேண்டும்.

"விடுமுறை முடியட்டும் மக்கா" என்றேன்.

"விடுமுறை முடிஞ்சா நான் பயிற்சிக்குப் போயிருவேன் சார்."

எண்ணினேன். இருநூற்று எட்டுப் பக்கங்கள். திங்கட்கிழமை முதல் பக்கத்தைத் தொடங்கினோம்.